தோட்டத்து முனையில் ஒரு கப்பல்

22 மே 2025, வியாழன்

இன்று விடியற்காலை ஐந்து மணியளவில், நான் வசிக்கும் நார்வேயின் துரோண்ட்ஹெய்ம் நகருக்கு அருகேயுள்ள பைனெசெட்டில், 135 மீட்டர் நீளமுள்ள என்.சி.எல். சால்டன் என்ற சரக்குப் பெட்டகக் கப்பல், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே கரையேறி, ஒரு வீட்டுக்குச் சில மீட்டர் தள்ளி மூக்கைப் பதித்து நின்றுவிட்டது. கப்பலில் இருந்த 16 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. கடல் ஏற்றத்தின்போது இழுத்துப் பார்த்தார்கள், அது அசையவில்லை.

23 மே, வெள்ளி

செந்நிறமும் பச்சை நிறமுமாக ஒரு கப்பல், அதன் நிழலில் பொம்மைபோல ஒரு மரவீடு: இந்தப் படம் நேற்றிலிருந்து உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெர்கனில் இருக்கும் என் தங்கை, "இது செயற்கை நுண்ணறிவு வரைந்ததா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரரோ இரைச்சல் எதுவும் கேட்காமல் உறங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அழைப்பு மணியை விடாமல் அடித்த பிறகுதான் எழுந்தாராம். வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பின் கம்பி அறுந்ததைத் தவிர அவருக்கு வேறு இழப்பில்லை.

24 மே, சனி

அப்போது கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் இருந்த அதிகாரி தூங்கிப்போனதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வந்தவரும் தூக்கம், வரவேற்க வேண்டியவரும் தூக்கம்.

25 மே, ஞாயிறு

நகராத ஒரு கப்பலை இத்தனை பேர் நாள் கணக்கில் பார்ப்பதை வெளிநாட்டவர் வியக்கிறார்கள். எங்களுக்கு இது பழகிப்போன பொழுதுபோக்கு. 2009 நவம்பரில், பெர்கன் ரயில் பாதையின் நூற்றாண்டை ஒட்டி, பெர்கனிலிருந்து ஒஸ்லோவுக்குச் செல்லும் ஏழு மணி நேரத்துக்கும் மேலான பயணத்தை என்.ஆர்.கே. தொலைக்காட்சி முழுவதுமாக ஒளிபரப்பியபோது, ஐம்பது லட்சம்கூட நிரம்பாத நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் அதில் கொஞ்சமாவது பார்த்தார்கள். 2011 ஜூனில் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை சென்ற ஹுர்டிக்ருட்டன் என்ற கரையோரப் பயணிகள் கப்பலை 134 மணி நேரம் காட்டினார்கள். கரையோர மக்கள் கொடிகளோடு வந்து கேமராவுக்குக் கையசைத்தார்கள். 2013-இல், இப்படி மணிக்கணக்கில் காட்டும் 'மெதுத் தொலைக்காட்சி' என்பதற்கான எங்கள் சொல்லே ஆண்டின் சொல்லாகத் தேர்வானது.

என் மனத்தில் நிற்பது அதே ஆண்டு பிப்ரவரி 15 இரவு ஒளிபரப்பான விறகு நிகழ்ச்சிதான். பன்னிரண்டு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் அடுப்பில் நெருப்பு எரிவது மட்டுமே. விறகை அடுக்கியிருந்த விதம் தவறென்று சுமார் அறுபது குறுஞ்செய்திகள் போயினவாம். பட்டை மேல்நோக்கி இருப்பது பிழை என்று பாதிப் பேர், கீழ்நோக்கி இருப்பது பிழை என்று மீதிப் பேர். அப்பா மேல்நோக்கிக் கட்சி. பட்டை மழைக்குக் கூரை என்று விளக்க, கூடையிலிருந்து ஒரு பிர்ச் துண்டை எடுத்துவந்து என் மடியில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காட்டினார்; நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சியை அணைக்க விடவில்லை.

27 மே, செவ்வாய்

காலையில் கப்பலை மிதக்கவைத்து இழுத்துச் சென்றுவிட்டார்கள். அலுவலகத்தில் நால்வர் ஒரே கைப்பேசியின்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சேற்றிலிருந்து முன்பகுதி விடுபட்டபோது ஒருவர் கைதட்டியேவிட்டார். சற்று நேரத்தில் அப்பா அழைத்தார். கயிற்றைக் கட்டிய பக்கம் தவறாம்.