புனேயின் நடுவே ஒரு ராஷ்டிரகூடக் குடைவரை

புனேயில் ஜங்கலி மகராஜ் சாலை என்றதும் ஊர்க்காரர்கள் கடைகளைத்தான் சொல்வார்கள். துணிக்கடை, செருப்புக்கடை, சிற்றுண்டிக்கடை என்று இருபுறமும் வரிசை. மாலையானால் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது. ஜே.எம். ரோடு என்று சுருக்கிச் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று பிடிபடும். இந்தச் சாலையை ஒட்டி, சுற்றுச்சுவருக்கும் பெரிய மரங்களுக்கும் பின்னால், எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சுவாமி பெயர் பாதாளேஸ்வர்.

குடைவரை என்றால் நம் மனத்தில் முதலில் எழுவது ஒரு மலை. திருச்சியானாலும் நாமக்கல்லானாலும் திருப்பரங்குன்றமானாலும் பிள்ளையார்பட்டியானாலும், தூரத்திலேயே குன்று தெரியும். அதன் வயிற்றில் எங்கோ கோயில் இருக்கும் என்று எதிர்பார்த்தே போவோம். இங்கே அப்படி எதுவும் இல்லை. சமதரை. பஸ் போகிற சாலை. கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை. வாசலில் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை மட்டும் இது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று சொல்கிறது. தெரியாதவர் தாண்டிப் போய்விடுவார். பல ஆண்டுகளாகப் புனேயில் குடியிருக்கும் என் சித்தியே, சிவராத்திரிக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் இங்கே இப்படி ஒரு கோயில் இருப்பதைத் தெரிந்துகொண்டாராம். டிசம்பர் மாதக் காலைக் குளிரில் சித்திதான் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

புனே என்றால் எல்லோரும் மராட்டியரில் தொடங்குவார்கள். சிவாஜி வளர்ந்த லால் மகால், அதற்குப் பிறகு மராட்டிய அரசின் முதலமைச்சர்களான பேஷ்வாக்கள், அவர்கள் 1732இல் குடிபுகுந்து 1828இல் தீக்கிரையான சனிவார் வாடா மாளிகை. பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் அந்த வரலாற்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தைய ஊர் ஒன்று இதே மண்ணில் இருந்தது. அன்று தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட மன்னர்களின் 758, 768 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த செப்பேடுகளில் ‘புண்ய விஷயம்’, ‘புனக விஷயம்’ என்று இப்பகுதி குறிக்கப்படுகிறது. விஷயம் என்பது அக்கால ஆட்சிப் பிரிவு. செப்பேடு அருங்காட்சியகத்துக்குள் போய்விடும். அந்தக் காலத்தைக் கையால் தொட்டுப் பார்க்க இந்த ஊருக்குள் இருக்கும் இடம் பாதாளேஸ்வர்தான். இன்று சிவாஜிநகர் எனப்படும் இந்தப் பகுதி முன்பு பாம்புர்டே என்ற தனிக் கிராமமாக, முட்டா நதிக்கு அக்கரையில் இருந்தது. நகரம் வளர்ந்து ஆற்றைத் தாண்டி வந்து கோயிலைச் சூழ்ந்துகொண்டது.

படிகளில் இறங்கியதும் திறந்த முற்றம். முதலில் கண்ணை நிறுத்துவது கோயில் அல்ல, நந்தி மண்டபம். வட்ட வடிவம். கனத்த சதுரத் தூண்கள் வெளியே ஒரு வரிசையும் உள்ளே ஒரு வரிசையுமாக நிற்க, அவற்றின் மேல் விரித்த குடையாய் ஒரு கற்கூரை. நந்திக்கு நம் பக்கத்தில் நாற்கால் மண்டபம்தான் வழக்கம். வட்டமான நந்தி மண்டபத்தை, அதுவும் ஒரே பாறையில் வெட்டியதை, நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தூண்களில் பூவேலை இல்லை, கொடி இல்லை, யாளி இல்லை. அந்த எளிமையாலேயே அதன் கனம் உடம்புக்கு உறைக்கிறது. சுற்றி வரும்போது, தூண்களுக்கு இடையே குகையின் முகப்பு தெரிந்தும் மறைந்தும் கூடவே வருகிறது.

இதை யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. இந்த முற்றம் முழுவதும் ஒரு காலத்தில் பாறை. மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே போனபோது, நடுவில் மட்டும் வெட்டாமல் விட்ட பாறைத் திரள்தான் மண்டபம். அப்படியானால் முதலில் உருவானது கூரை. தூண்கள் பிறகு. கடைசியாக வந்தது தரை. கட்டடக் கலையில் நமக்குத் தெரிந்த வரிசை அத்தனையும் தலைகீழ். எல்லோராவில் கயிலாசநாதர் கோயிலை இப்படித்தான் மேலிருந்து கீழாக வெட்டி எடுத்தார்கள். அதுவும் ராஷ்டிரகூடர் பணி. முதலாம் கிருஷ்ணன் காலத்தது என்று சொல்லப்படுவது. அளவில் அதனோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் கயிலாசத்தின் முன் நின்றால் பிரமிப்பில் வேலையின் முறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இங்கே எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்குகிறது. முற்றத்தின் ஓரம் நின்று அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு கல்லை வெட்டி வெளியே சுமந்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

பாறையும் வேறு. தக்காணம் முழுக்கப் பரந்து கிடக்கும் பசால்ட் இது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு மேலும் மேலும் வழிந்து, அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. குன்று தேவையில்லை, தரையைத் தோண்டினாலே பாறை என்பது அதனால்தான். நம் பல்லவர்கள் மோதிய கருங்கல்லைவிட உளிக்குச் சற்று இணங்கும். கருஞ்சாம்பல் நிறம். வெயில் பட்ட இடத்தில் லேசாகப் பழுப்பு ஓடுகிறது.

முகப்புத் தூண் ஒன்றின் அருகே நின்று உள்ளங்கையை வைத்தேன். தூரத்தில் மழமழப்பாகத் தெரிந்தது, கை வைத்ததும் மாறிவிட்டது. சிறு சிறு பள்ளங்கள். சாய்வாக, ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில். ஒரு கோட்டில் இறங்கி வந்து, ஓரிடத்தில் நின்று, அதற்குப் பிறகு வேறு சாய்வில் போகின்றன. கை மாறிய இடமோ, ஆள் மாறிய இடமோ. நந்தியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த சித்தியைக் கூப்பிட்டு, “சித்தி, இங்கே விரலை வைத்துப் பாருங்கள்” என்றேன். வைத்தார். தடவினார். “அவன் எந்தக் கையால் அடித்தான் என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே” என்றார். சிற்பத்தைப் பற்றி ஒரு புத்தகமும் படிக்காதவர் சித்தி. நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் எந்தக் குடைவரைக்குள் நுழைந்தாலும் கண் தானாகக் கல்வெட்டைத் தேடும். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான் என்று, அந்தப் பட்டப்பெயரைச் சூடிய பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பொறித்து வைத்திருக்கிறான். படிக்கும்போதே மீசை முறுக்குவது தெரியும். நான் அந்தக் கல்வெட்டின் எதிரே நெடுநேரம் நின்றிருக்கிறேன். பாதாளேஸ்வரில் இன்ன அரசன் இன்ன ஆண்டில் எடுத்தான் என்று சொல்லும் கல்வெட்டு இல்லை. அமைப்பையும் பாணியையும் வைத்துத்தான் ராஷ்டிரகூடர் காலம் என்கிறார்கள். அரசன் பேசாத இடத்தில் உளிதான் பேசுகிறது. எனக்கு அதில் குறை தோன்றவில்லை. மண்டகப்பட்டில் மன்னன் நினைவுக்கு வருகிறான். இங்கே கல்தச்சர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

உள்ளே அகன்ற மண்டபம். வரிசை வரிசையாகச் சதுரத் தூண்கள். நம் மகேந்திரவர்மன் தூண்களில் சதுரம், எட்டுப்பட்டைக் கட்டு, மறுபடி சதுரம் என்று ஒரு தாளம் இருக்குமே, அது இங்கே கிடையாது. அடி முதல் மேல்வரை நேரான உறுதி. வெளியே ஹாரன் சத்தம் ஓயாத சாலை. நான்கு தூண் வரிசை உள்ளே போவதற்குள் அந்த ஓசை அடங்கிவிடுகிறது. காலடியில் தரை சில்லென்று இருக்கிறது. பக்கச் சுவர்களில் தேய்ந்துபோன புடைப்புச் சிற்பங்களின் சுவடு. இன்னார் என்று அடையாளம் சொல்ல எனக்குத் துணிவில்லை. சில இடங்களில் ஓர் உடல்வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மண்டபத்தின் கோடியில் கருவறை. இருபுறமும் சிறு அறைகள். லிங்கத்தின் மேல் வில்வமும் வெள்ளைப் பூக்களும். மணி அடித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து கும்பிட்டுப் போகிறார்கள். தொல்லியல் சின்னமான பிறகும் பூசை நிற்காத கோயில் என்பதால் நெய்யும் கற்பூரமும் கலந்த மணம் பாறையில் ஏறியிருக்கிறது. பள்ளிச் சீருடையில் வந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துவிட்டு ஓட்டமாய் வெளியேறினாள். தேர்வு நாளாக இருக்கலாம். சித்தி தேவாரப் பாட்டு ஒன்றை மெல்லப் பாடினார். பக்கத்தில் நின்ற மராட்டிய மூதாட்டி பாட்டு முடியும் வரை கைகூப்பியபடி நின்றுவிட்டு, “சான்” என்று சித்தியின் கையைத் தொட்டுச் சொன்னார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சித்தி அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவோடு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, திரும்பிவிடாதீர்கள். கருவறையைச் சுற்றிப் பின்னால் போங்கள். அங்கேதான் இந்தக் கோயிலின் மிக முக்கியமான விஷயம் இருக்கிறது: வேலை முடியாத பாறை. முன்பக்கம் ஒழுங்காய் நிமிர்ந்து நிற்கும் பரப்பு, பின்னே போகப் போகச் சொரசொரப்பாகிறது. மூலைகள் நேராவதற்குள் நின்றுவிடுகின்றன. கருவறைக்குப் பின்னால் பாறையில் பிளவு தென்பட்டிருக்க வேண்டும், அதனால்தான் பணியைக் கைவிட்டார்கள் என்பது ஒரு கருத்து. ஆட்சி மாற்றமோ போரோ காரணமாக இருக்கலாம் என்பது இன்னொன்று. பிளவு என்பதை என்னால் எளிதாக நம்ப முடிகிறது. குடைவரையில் கல்லை மாற்ற வழியில்லை. ஒரு தூண் உடைந்தால் வேறு தூண் நிறுத்தலாம் என்பது கட்டுமானக் கோயிலுக்குத்தான் பொருந்தும். இங்கே பாறை ஒத்துழைக்காவிட்டால் ஒதுங்க வேண்டியதுதான்.

மாமல்லபுரத்தில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். முற்றுப்பெறாத குடைவரைகளில் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவே துருத்தி நிற்கும் கட்டிகளைத் தட்டி எடுத்துக்கொண்டே உள்ளே போயிருப்பது தெரியும். அர்ச்சுனன் தபசின் முன் நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் அந்தப் பக்கம் திரும்பினால் மகிழ்வேன். முடிந்த சிற்பத்தில் தச்சன் தன் உழைப்பை மறைத்துவிடுகிறான். அது அவன் திறமை. எப்படிச் செய்தான் என்று கற்றுக்கொடுப்பது முடியாத சுவர்தான். புனேயில் அந்தச் சுவர் அலுவலகம் போகிற வழியில் இருக்கிறது. ஒரு நகரத்துக்கு இது சின்னப் பேறு அல்ல.

மனம் நொந்த ஒன்றையும் எழுத வேண்டும். தூண்களில் ஆணியாலும் சாவியாலும் கீறிய பெயர்கள். இரண்டு பெயர், நடுவே ஓர் இதயம். உளித் தடத்தின் மேலேயே கீறியிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த தடம் அது, போனால் வராது. நம் ஊர்ச் சமணர் படுக்கைகளிலும் இதே கொடுமையைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வெளியே வந்து முற்றத்து மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் குறிப்பேட்டோடு படித்துக்கொண்டிருந்தார்கள். வயதானவர் ஒருவர் கண்மூடித் தியானத்தில் இருந்தார். அடுத்த வாசலில் 1890இல் மறைந்த ஜங்கலி மகராஜின் சமாதிக் கோயில். சாலைக்குப் பெயர் கொடுத்த மகான் அவர். சுத்தமான, அமைதியான இடம். அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மெட்ரோவில் சத்ரபதி சம்பாஜி உத்யான் நிலையமோ சிவாஜிநகர் நிலையமோ, எங்கே இறங்கினாலும் நடந்தே வந்துவிடலாம். டிக்கெட் கிடையாது. மராட்டியரின் சிராவண மாதத் திங்கட்கிழமைகளையும் சிவராத்திரியையும் தரிசனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண வேலைநாளின் காலை நேரம்தான் சரி. சாய்வெயில் முகப்பில் விழும்போது தடங்கள் நிழலோடு தெளிவாகத் தெரியும். பின்பக்கம் போக ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுவருக்கு எதிராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு உளி அடியும் எழுந்து நிற்கும்.