சிம் போனது வெள்ளிக்கிழமை, பணம் போனது சனிக்கிழமை

பணம் முழுதாகக் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதனால் கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. மதியம் 3.40 வாக்கில் என் போனில் சிக்னல் போனது. டவர் பிரச்சினை என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். மாலை வரை வரவில்லை. வீட்டுக்காரர் போனும் அதே கம்பெனிதான், அதில் நான்கு கோடு நிற்கிறது. அப்போதுதான் உறைத்தது. அவர் போனிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோது மணி 6.50. எடுத்த பெண் என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சிம் ஆக்டிவாகத்தான் இருக்கு மேடம், போனை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, 24 மணி நேரம் பாருங்க” என்றார். புகார் எண் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். அதை மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதி, நேரத்தையும் பக்கத்தில் குறித்தேன். ஏன் நேரத்தைக் குறித்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டு வருட வழக்கு நின்றது அந்தக் கிறுக்கல் மேல்தான்.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் ஏதோ ஒரு கடையில் என் பெயரில், சிம் பழுதாகிவிட்டது என்று சொல்லி மாற்று சிம் வாங்கியிருக்கிறார். மாற்று சிம் உயிர் பெற்றதும் என்னுடையது செத்துவிட்டது. இப்படி சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் புது சிம்மில் எஸ்எம்எஸ் வேலை செய்யக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஓடிபி திருடனுக்குப் போகாமல் இருக்கவும், உண்மையான ஆள் விழித்துக்கொள்ளவும் அந்த அவகாசம். நான் மூன்று மணி நேரத்தில் விழித்துவிட்டேன். கம்பெனிதான் விழிக்கவில்லை.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஷோரூம். கவுண்டரில் இருந்த தம்பி அசல் ஆதார் கேட்டார். கையில் இல்லை. டிஜிலாக்கரில் காட்டலாம் என்று திறந்தால், உள்ளே போக ஓடிபி கேட்கிறது. அது போவதோ தொலைந்த எண்ணுக்கு. சரி என்று வீட்டுக்குப் போய் அசலை எடுத்துக்கொண்டு மதியம் 2 மணிக்கு மறுபடி போனேன். அதே தம்பி. “உங்களை வெரிஃபை பண்ணணும் மேடம், உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பறேன், பார்த்துச் சொல்லுங்க” என்றார். எந்த நம்பருக்கு? அந்த நம்பருக்குத்தான். சிக்னல் இல்லை என்றுதானே தம்பி வந்து நிற்கிறேன் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை.

கணினியை இன்னும் கொஞ்சம் தட்டிய பிறகுதான், “மேடம், நேத்தே சிம் மாத்தியிருக்கீங்களே?” என்றார். வயிற்றைப் பிசைந்தது. நான் மாற்றவில்லை, உடனே முடக்குங்கள் என்றேன். ஷோரூமில் முடக்க முடியாதாம், சேவை மையத்தைத்தான் அழைக்க வேண்டுமாம். அழைத்தால், பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால்தான் முடக்குவார்களாம். மறுபடி தம்பியிடம் வந்தால், நேற்று மாற்றிய சிம்மை இன்று திரும்ப மாற்ற சிஸ்டம் விடாது, திங்கட்கிழமை வாருங்கள் என்கிறார். திருடனுக்கு ஒரே நடையில் கிடைத்த சிம், எனக்கு இரண்டு நடையிலும் கிடைக்கவில்லை.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், வழக்கில் அதுவும் வந்தது. அந்த 2 மணிக்கே வங்கிக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று இரண்டாம் சனி, வங்கி மூடியிருக்கும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நினைத்துவிட்டேன். கிளை மூடியிருந்தால் என்ன, கணக்கை முடக்கும் உதவி எண் ராத்திரி பகலாக இயங்குகிறதே. சிக்னல் காரணமில்லாமல் போய், பக்கத்தில் அதே கம்பெனி போனில் இருந்தால், முதல் அழைப்பு வங்கிக்கு, இரண்டாவதுதான் போன் கம்பெனிக்கு. நான் தலைகீழாகச் செய்தேன்.

மாலை 4.05 முதல் 4.31 வரை ஐந்து பரிவர்த்தனைகள், மொத்தம் 1,86,400 ரூபாய். 24 மணி நேரத் தடை 3.40க்கு முடிந்திருக்கிறது. 25 நிமிடம் கழித்து முதல் திருட்டு! ஆசாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மின்னஞ்சலில் வந்த வங்கி அறிவிப்பை இரவு 9 மணிக்குத்தான் பார்த்தேன். உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்தேன். அந்த ஒன்று மட்டும் ஒழுங்காக நடந்தது: இரண்டாவது கைக்குப் போயிருந்த 42,000 ரூபாயை முடக்கிவிட்டார்கள். அது பின்னால் நீதிமன்ற உத்தரவின் பேரில் திரும்பியது.

காவல் நிலையத்தில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பப் பார்த்தார்கள். மூன்று தடவை போய் எஃப்ஐஆர் வாங்கினேன். அது இல்லாமல் அடுத்த கட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

வங்கிக் கதை சுருக்கமாக. திங்கட்கிழமை எழுத்தில் புகார் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கினேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தப்பு வங்கி மேலும் இல்லை, நம் மேலும் இல்லை, வேறு எங்கோ என்றால், 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பே இல்லை. 10 வேலை நாளில் பணத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். என் வங்கி, ஓடிபி சரியாக உள்ளிடப்பட்டிருப்பதால் வாடிக்கையாளரின் கவனக்குறைவே என்று இரண்டு வரியில் முடித்தது. 30 நாள் பொறுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனேன். விரிவான சாட்சியம் தேவைப்படும் விஷயம் என்று ஜூலையில் மூடிவிட்டார்கள். ஒரு எச்சரிக்கை: குறைதீர்ப்பாளரிடம் போவதாக இருந்தால் நுகர்வோர் வழக்கு போடும் முன் போங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

இப்போது போன் கம்பெனி. வெள்ளிக்கிழமை கொடுத்த புகாருக்கு திங்கட்கிழமை குறுஞ்செய்தி வந்தது: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.” அதை அழிக்காதீர்கள், நல்ல ஆவணம் அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினால் பதில் வரும் என்று நம்பி ஒரு வாரம் வீணாக்கினேன். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. அது வகுத்த 2012 விதிமுறைப்படி கம்பெனிக்குள்ளேயே இரண்டு படி இருக்கிறது: முதலில் புகார் மையம், அப்புறம் மேல்முறையீட்டு அதிகாரி. மேல்முறையீட்டை 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளில் அவர்கள் முடிக்க வேண்டும். எனக்கு 36வது நாளில் பதில் வந்தது. “தங்கள் வேண்டுகோளின் பேரில் உரிய நடைமுறைப்படி சிம் மாற்றித் தரப்பட்டது.” படித்ததும் அழுகை வந்தது. நுகர்வோர் வழக்குகள் நடத்தும் தூரத்து உறவினர் அண்ணன் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். “இதை ஃபிரேம் போட்டு வைம்மா. மாற்றினது நாங்கதான்னு கைப்பட ஒத்துக்கிட்டாங்க” என்றார்.

அவர்தான் வழியும் சொன்னார். இரண்டு இடம் உண்டு. ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46வது பிரிவின் கீழ் வரும் தீர்ப்பு அதிகாரி. மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலர்தான் அவர். 5 கோடி வரை இழப்பீடு கேட்கலாம். 2010இல் நம் மாநிலத்து அதிகாரி, ஃபிஷிங்கில் (வங்கி அனுப்பியது போன்ற போலி மின்னஞ்சல் மோசடியில்) பணம் இழந்த ஒருவருக்கு வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார். பெரிய தொகை என்றால் அங்கே போகலாம். ஆனால் நம் தகவலைச் சரியாகப் பாதுகாக்காத நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி தரும் அந்தச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்க 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. புதுச் சட்டத்தில் அபராதம் எவ்வளவு போட்டாலும் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும், ஏமாந்தவர் கைக்கு வராது. இதை எந்தப் புத்திசாலி யோசித்தாரோ. என் தொகைக்கு இரண்டாவது வழியான மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும் என்றார் அண்ணன்.

2023 ஆகஸ்டில் இ-தாக்கில் தளத்தில் நானே மனு போட்டேன் (இப்போது அது இ-ஜாக்ருதி). முதல் எதிர்தரப்பு போன் கம்பெனி, இரண்டாவது வங்கி. நாம் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. முதல் தடவை மனுவைத் திருப்பிவிட்டார்கள்: ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு, மின்னணு ஆதாரத்தோடு வைக்க வேண்டிய 65பி சான்று இல்லை. அதை எழுதி இணைத்து மறுபடி போட்டேன். 2024 ஜூலைக்குப் பிறகு போடுகிறவர்கள் புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி சான்று வைக்க வேண்டும்.

கம்பெனி வக்கீலின் முதல் வாதம், தொலைபேசித் தகராறு நுகர்வோர் ஆணையத்தில் வராது என்பது. 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் 2022 பிப்ரவரி 16 அன்று அதே உச்ச நீதிமன்றம், வரும் என்று தீர்த்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலோடுதான் போயிருந்தேன். நீட்டியதும் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

பதிலுரையை அவர்கள் 52வது நாளில் கொண்டுவந்தார்கள். சட்டம் தரும் அவகாசம் 30 நாள், கூட 15. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த தேதிக்கான அஞ்சல் துறை ஆதாரத்தை நான் எடுத்து வைத்திருந்தேன். பதிலுரை கோப்பில் ஏறவில்லை. வக்கீலுக்கு வாய்வாதம் மட்டும்தான் மிச்சம்.

ஆனால் எனக்கு வேண்டியது அந்த சிம் மாற்று விண்ணப்பம். கேட்டபோதெல்லாம் தனியுரிமை, போலீஸ் கேட்டால்தான் தருவோம் என்றார்கள். என் பெயரில் உள்ள விண்ணப்பத்தை என்னிடமிருந்து காப்பாற்றுகிறார்களாம்! ஆவணத்தை வரவழைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று தனி மனு போட்டேன். நான்கு வாய்தாவுக்குப் பிறகு வந்தது. ஒற்றைத் தாள். என் பெயர், என் முகவரி, யாரோ ஒரு பெண்ணின் மங்கலான படம். கீழே கையெழுத்து, சாய்வான ஆங்கிலத்தில், கடைசி எழுத்துக்கு ஒரு சுழி போட்டு.

நான் பள்ளிக்கூட நாளிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். இதே கம்பெனியில் முதல் சிம் வாங்கிய படிவத்திலும் தமிழில்தான். இரண்டு தாளையும் ஆணையத் தலைவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இதை ஒப்பிட நிபுணர் வேண்டாமே” என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் நான்கு வாய்தா அலைந்திருப்பேன்.

அவர்கள் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. சிம் மாற்றும் முன், வெள்ளி மதியம் 3.10க்கு, சிம் மாற்ற வேண்டுகோள் வந்திருப்பதாக என் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். வந்திருக்கிறது, பொய்யில்லை. தள்ளுபடி, ரீசார்ஜ் என்று அவர்களே அனுப்பும் பத்து செய்திக்கு நடுவில் கிடந்தது. நான் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் மறுக்காததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம் என்றார் வக்கீல். பதில் சொல்லாதது சம்மதமாகாது. அப்படியே வைத்தாலும் 6.50க்குச் சொன்ன பிறகு 21 மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டது ஆணையம். மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தை நான் காட்ட, அந்தப் புகார் எண்ணுக்குரிய நேரத்தை அவர்கள் பதிவேடே உறுதி செய்தது.

2025 பிப்ரவரியில் தீர்ப்பு. 1,44,400 ரூபாய், மனு தேதியிலிருந்து 9 சதவீத வட்டியோடு. மன உளைச்சலுக்கு 2 லட்சம் கேட்டிருந்தேன், 20,000 கொடுத்தார்கள். சனி மதியமே வங்கிக்குச் சொல்லாததைக் காரணமாகக் காட்டினார்கள். செலவுத் தொகை 5,000. வங்கியை விடுவித்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை, ஆனால் மேல்முறையீட்டுக்குத் தெம்பில்லை.

தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடாது. 45 நாள் கெடு முடிந்தும் சத்தமில்லை. நிறைவேற்று மனு போட்டேன். உத்தரவை மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அந்தப் பிரிவு எண்ணைத் தாங்கிய நோட்டீஸ் போன மூன்றாவது வாரம், ஜூன் நடுவில் வரைவோலை வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டியைத் தீர்ப்புத் தேதியோடு நிறுத்தியிருந்தார்கள். பணம் தரும் நாள் வரை என்றுதான் தீர்ப்பில் இருக்கிறது. நாலு மாத வட்டி, 4,332 ரூபாய் குறைகிறது. போகட்டும் விடு என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. நிறைவேற்று மனுவை முடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாய்தாவில் அந்த 4,332க்குத் தனியாக ஒரு வரைவோலை கொண்டுவந்தார்கள். பெற்றுக்கொண்டதாகத் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.