களையெடுப்பு

2025 மே 24, சனி

லானோ கவுண்டி வழக்கில் நேற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. இங்கிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவில், இதே டெக்சஸில் இருக்கிற கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே பொது நூலகத்திலிருந்து நீக்கிய 17 புத்தகங்களுக்காக வாசகர்கள் போட்ட வழக்கு, தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளும் 17 பேர். அதில் 10 பேர், பொது நூலகம் ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால் அதை எதிர்த்து வாசகர் உரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்றுக்கும் இனி இதுதான் சட்டம்.

யாரும் எதையும் தடை செய்யவில்லை, கிடைக்காவிட்டால் இணையத்தில் வாங்குங்கள், நண்பரிடம் இரவல் கேளுங்கள் என்கிறது தீர்ப்பு. 2016இல் பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காதவர் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அங்கே பிடிக்காதவருக்குச் சொன்னார்கள். இங்கே படிக்க வந்தவரை வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்கள். வாங்க வசதி உள்ளவர் நான் வேலை பார்க்கிற நூலகத்துக்கு எதற்கு வரப்போகிறார்?

மே 27, செவ்வாய்

அந்த 17இல் சிறு பிள்ளைகளுக்கான குசுக் கதைகள்கூட இருந்தன. சிரிப்பாக இருக்கும். கூடவே கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் வரலாறு, சாதியைப் பற்றி இசபெல் வில்கர்சன் எழுதிய புத்தகம். அமெரிக்க நிறவெறியை நம் ஊர்ச் சாதியோடு சேர்த்துப் பார்க்கிற புத்தகம் அது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எடுத்ததற்கு கவுண்டி சொன்ன காரணம் களையெடுப்பு. நானும் வருடா வருடம் செய்கிற வேலைதான். கிழிந்தது, தகவல் பழசானது, யாரும் தொடாமல் கிடப்பது எல்லாம் போகும். இடம் வேண்டுமே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது வெளியே போனது என்று கணினியில் பார்த்துத்தான் எடுப்போம். இந்த மாநிலத்தில் 2021இல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் சுமார் 850 தலைப்புகளின் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிக்குப் போவதற்குப் பெயர் களையெடுப்பு இல்லை.

2023இல் கீழ் நீதிமன்றம் புத்தகங்களைத் திரும்ப வைக்கச் சொன்னதும், நூலகங்களையே மூடிவிடலாமா என்று கவுண்டி கூட்டம் போட்டுப் பேசியது. அப்புறம் மூடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஒரு அப்பா வந்தார். இளையோர் பிரிவில் இருக்கும் ஒரு சித்திர நாவலை எடுக்க வேண்டுமாம். சத்தம் போடவில்லை, பயந்திருந்தார், அவ்வளவுதான். யாரோ போனில் அனுப்பிய இரண்டு பக்கங்களைக் காட்டினார். மறுபரிசீலனைப் படிவத்தைக் கொடுத்தேன். அதில் 'முழுவதும் படித்தீர்களா?' என்றொரு கேள்வி இருக்கிறது. முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும், அதுதான் எங்கள் விதி என்றேன். தலையாட்டினார். "நீங்களும் ஒரு அம்மாதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ராத்திரி வரை அது காதிலேயே இருந்தது.

ஜூன் 19, வியாழன்

விடுமுறை. ரூத் பிரவுனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓக்லஹோமாவில் பார்ட்லஸ்வில் ஊர் நூலகர். 30 வருடம் வேலை பார்த்தவரை 1950இல் நீக்கினார்கள். இடதுசாரிப் பத்திரிகைகளை வாங்கி வைத்தார் என்பது வெளியே சொன்ன காரணம். கறுப்பின ஆசிரியைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறுகிற ஒரு கடையில் உட்கார்ந்தார் என்பதுதான் உள்ளே இருந்த கோபம். அலமாரியைக் காட்டி ஆளை அடிப்பது புதிது இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் ஊர்த் தமிழர்கள் கூடிச் சாப்பிட்டோம். புளியோதரைத் தட்டோடு ஒரு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க எதைப் படிக்கணும்னு பெத்தவங்க சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்க்கா. உங்க பையனுக்கு நீங்க சொல்லுங்க. அடுத்த வீட்டுப் பையனுக்கும் சேர்த்துச் சொல்லாதீங்க."

"அது சரி. உனக்கு வேலை போச்சுன்னா? கிரீன் கார்டு இன்னும் வரலையே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. லானோவில் புத்தகங்களை எடுக்க மறுத்த சுசெட் பேக்கர் 2022இல் நீக்கப்பட்டார். இந்த வருடம்தான் 2,25,000 டாலரில் சமரசம் ஆனது. நடுவில் மூன்று வருடம்! அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தச் சித்திர நாவலைப் பற்றி மறுபரிசீலனைக் குழுவின் முடிவு வந்தது. புத்தகம் இருக்கும், ஆனால் பெரியவர்கள் பிரிவுக்குப் போக வேண்டும். எல்லாரும் வெற்றி என்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் தேடுகிற இடத்தில் அது இருக்காது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தடைசெய்யப்பட்ட புத்தகங்கள் வாரம். 1982இலிருந்து நாடு முழுக்க நடக்கிறது. எங்கள் நூலகத்தில் இந்த முறை அந்தப் புத்தகங்களை எடுத்து வைக்கிற காட்சி மேசை கிடையாது. 'இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது.

எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. போன வாரம் கொள்முதல் பட்டியலிலிருந்து ஒரு தலைப்பை நானே எடுத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, யாரும் புகார் தரவில்லை. நல்ல விமர்சனங்கள் வந்த புத்தகம். அட்டையைப் பார்த்தேன், அந்த அப்பாவின் முகம் வந்தது, நீக்கு பொத்தானை அழுத்தினேன். இதற்குப் படிவமும் இல்லை, குழுவும் இல்லை. வாங்காத புத்தகத்தைக் காணோம் என்று யார் வழக்குப் போடுவார்?

டிசம்பர் 8, திங்கள்

லானோ வழக்கை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரே வரி, காரணம் சொல்லவில்லை. மே மாதத் தீர்ப்பு நிற்கிறது.

மதியம் கூட்டமில்லை. கொள்முதல் பட்டியலைத் திறந்து அந்தத் தலைப்பைத் தேடினேன். விலை ஒரு டாலர் ஏறியிருக்கிறது. இளையோர் பிரிவு, ஒரு பிரதி என்று போட்டு மேலே அனுப்பினேன். ஒப்புதல் வருமா என்று வியாழக்கிழமை தெரியும்.