மக்னீசியத்துக்கு வலுவூட்டும் அருமண் தனிமங்கள்

மக்னீசியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம்தான்; அலுமினியமோ 2.7 கிராம். இவ்வளவு இலேசான உலோகம், வலிமையில், அதிலும் சூடேறும் இடங்களில், பின்தங்கிவிடுகிறது. இட்ரியம், நியோடிமியம், கடோலினியம் போன்ற அருமண் தனிமங்களைச் சேர்த்தால் அந்தக் குறை பெரிதும் தீரும் என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. ஏன் தீருகிறது என்பதே எனக்குச் சுவையான பகுதி.

அறுகோணப் படிகமான மக்னீசியத்தில், அறை வெப்பநிலையில் அணுத்தளங்கள் பெரும்பாலும் அடித்தளத்துக்கு (அறுகோணத்தின் தட்டையான முகத்துக்கு) இணையாகவே, சீட்டுக்கட்டு சரிவதைப் போல, வழுக்குகின்றன. வார்ப்புகளில் மிகுதியாகப் புழங்கும் ஏஇசட்91 கலவையில் 9 சதவீத அலுமினியம் இருந்தும், அதனால் உண்டாகும் வீழ்படிவுத் தட்டுகளில் (திண்ம உலோகத்துக்குள் பிரிந்து படியும் நுண்தட்டுகளில்) பெரும்பாலானவை அந்த அடித்தளத்திலேயே படுத்துக்கிடப்பதால், வழுக்கலுக்கு அவை பெரிய தடையாவதில்லை. டபிள்யூஇ43 கலவையிலோ, 4 சதவீத இட்ரியமும் நியோடிமியம் உள்ளிட்ட பிற அருமண் தனிமங்கள் 3 சதவீதமும் சேர்ந்து உண்டாக்கும் தட்டுகள் அடித்தளத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. நகர்ந்து வரும் இடப்பெயர்வுகள், அதாவது வழுக்கலைச் சுமந்து செல்லும் படிகக் குறைபாடுகள், அவற்றில் முட்டாமல் கடப்பது கடினம். எவ்வளவு சேர்த்தோம் என்பதைவிட, சேர்த்தது எந்தத் திசையில் படிகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

அந்தத் தட்டுகளை வரவழைப்பது வெப்பப் பதனம். டபிள்யூஇ43 வார்ப்பை 525 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் வைத்து, விரைந்து குளிர்வித்து, பின்னர் 250 டிகிரியில் 16 மணி நேரம் முதிர்வூட்டுவது வழக்கமான முறை. முதிர்வூட்டலுக்கு முன்னும் பின்னும் ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் மணிகளில் (உலோகத்தில் அடங்கிய சிறு படிகங்களில்) பெரிய மாற்றம் தெரியாது, கடினத்தன்மை மட்டும் ஏறியிருக்கும். தட்டுகளைக் காண ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

2001இல் ஜப்பானில் கவமுராவும் உடனாய்வாளர்களும் 1 அணுசதவீதத் (அணுக்களின் எண்ணிக்கைப்படி கணக்கிட்ட சதவீதம்) துத்தநாகமும் 2 அணுசதவீத இட்ரியமும் சேர்த்த கலவையில் ஏறத்தாழ 610 மெகாபாஸ்கல் இணங்கு வலிமையை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவை) எட்டினார்கள். ஆனால் அது விரைந்து உறையவைத்த தூளைப் பிதுக்கிச் செய்தது. சாதாரண வார்ப்பில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

விலை குறைய வேண்டுமென்று அலுமினியத்தையும் அருமண்ணையும் ஒன்றாகச் சேர்த்தால், இரண்டும் தமக்குள்ளேயே பிணைந்து மணி எல்லைகளில் சேர்மமாகிவிடுகின்றன. செங்குத்துத் தட்டுகளுக்கு வழியில்லை. அதுவும் வீண்போகவில்லை: சூட்டில் எளிதில் மென்மையாகாத அந்தச் சேர்மத்தையே நம்பி, சீரியமும் லாந்தனமும் கலந்த ஏஇ44 கலவையில், 2006ஆம் ஆண்டு கார்வெட் இசட்06 காரின் எஞ்சின் தாங்குசட்டத்தை வார்த்தார்கள்.