கடைசி பெஞ்சில் ஸ்கேல் சத்தம்

ஏழாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட், பின்னத்தால் வகுக்கும் பாடம். போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்கேலின் ஒரு முனையை டெஸ்க்கில் அழுத்திப் பிடித்து மறுமுனையைச் சுண்டிவிட்டால் வருமே, அது. நான் திரும்பினால் நின்றுவிடும். மூன்றாவது முறை பொறுமை போய்விட்டது.

"யாருடா அது? எழுந்திரு!"

எழுந்தான். "நான் இல்ல மிஸ்."

"கையில ஸ்கேல் இருக்கே?"

"கோடு போடத்தான் மிஸ்."

எங்கோ ஒருத்தி சிரித்தாள். அவன் உதட்டோரம் லேசாக விரிந்தது. நான் குரலை உயர்த்தினேன், அவனும் பதில் சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் வெளியே நிற்கச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தால் எட்டு நிமிஷம் போயிருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பாதியில் நின்றது.

14 வருஷமாக இந்த வயசுப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். 12, 13 வயசில் டீச்சரிடம் வாங்கும் திட்டைத் தாங்கிக்கொள்வார்கள், கூட்டாளிகள் முன்னால் தலைகுனிவதைத் தாங்க மாட்டார்கள். எல்லோர் எதிரிலும் எழுப்பி நிறுத்திய அந்த நொடியிலேயே அவன் பணிந்துபோகும் வழியை நானே அடைத்துவிட்டேன். அவசரத்தை அடக்கி யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும் என்கிறார்கள். அவனுக்கு இன்னும் வளரவேண்டியது எனக்கு வளர்ந்து முடிந்தது. அப்படியிருந்தும் முதலில் நிதானம் இழந்தது நான்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டார். தப்பு நடந்த பிறகு டீச்சர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதால் வகுப்பின் ஒழுங்கில் பெரிய வித்தியாசம் இல்லையாம். முதுகிலும் கண் இருப்பது போல் எல்லா மூலையையும் கவனித்து, சலசலப்பு பரவும் முன்பே, சரியான ஆளிடம் போய்ச் சேர்கிறாரா என்பதில்தான் இருக்கிறதாம். இதைப் படித்த பிறகு என் பீரியட்களையே கவனித்தேன். பாடம் நடக்கும்போது சத்தம் குறைவு. நோட்டு வாங்கும்போது, பக்கம் தேடும்போது, நான் போர்டைத் துடைக்கும்போதுதான் வகுப்பு கையை விட்டுப் போகிறது. இப்போது பிள்ளைகள் உட்காரும் முன்பே போர்டில் ஒரு கணக்கு இருக்கும். எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்று பழகிவிட்டேன்.

என்னை இன்னமும் உறுத்துவது வேறொன்று. ஒரு வருஷம், யார் கத்தியது என்று தெரியாமல் வகுப்பு முழுவதையும் பீரியட் முடியும்வரை நிற்கவைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண், வாயே திறக்காதவள், கேள்வி கேட்டால் மட்டும் கை தூக்குவாள். மறுநாளிலிருந்து அவள் கை தூக்கவில்லை. அந்த வருஷம் முடியும்வரை தூக்கவேயில்லை. வகுப்பு முழுவதற்கும் சேர்த்துத் தண்டனை கொடுப்பதை அதோடு விட்டேன்.

ஸ்கேல்காரனை மறுநாள் கூப்பிடவில்லை. விளக்கிக்கொண்டே நடந்து போய் அவன் டெஸ்க் பக்கத்தில் நின்றேன், ஸ்கேல் மேல் ஒரு விரலை வைத்தேன், பாடத்தை நிறுத்தவில்லை. அன்று சத்தம் வரவில்லை. பெல் அடித்து எல்லோரும் போன பிறகுதான் கேட்டேன்.

"நேத்து என்னடா ஆச்சு?"

ரொம்ப நேரம் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தான். நானும் பேசாமல் இருந்தேன்.

"தலைகீழா மாத்திப் பெருக்குன்னு சொன்னீங்க மிஸ். ஏன் மாத்தணும்னு புரியல. அதுக்கப்புறம் எதுவுமே புரியல."

எல்லாச் சேட்டைக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்குச் சிரிப்பு வேண்டும், அவ்வளவுதான். சிலர் வீட்டிலிருந்தே கொதித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் இவன் பாடத்தைத் தவறவிட்ட இடம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் மாற்றுகிறோம் என்பதை நான் அன்று சொல்லவே இல்லை.

அவன் ஸ்கேலையே வாங்கினேன். "இதுல ஆறு சென்டிமீட்டருக்குள்ள அரை சென்டிமீட்டர் எத்தனை இருக்கு?" பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

"பன்னிரண்டு மிஸ்."

"ஆறை அரையால வகுத்தா?"

"பன்னிரண்டா? வகுத்தா பெரிசாகுதே மிஸ்." ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் அடுத்ததைக் கேட்கும் முன்பே, "அப்போ கால் சென்டிமீட்டர்னா இருபத்தி நாலு" என்றான்.