சத்தியம் வாங்காதீங்க சிஸ்டர்

மனநல வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆனாலும் ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்க எனக்கே நாக்கு எழாது என்பது அந்தப் பயிற்சியில்தான் தெரிந்தது.

தற்கொலைத் தடுப்பு வழிகாட்டுதலைப் படித்துவிட்டு வந்து, எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று என்னையும் ஒரு கவுன்சிலரையும் மூன்று நாள் அனுப்பினார்கள். முதல் நாள் காலை ஸ்லைடு, டீ, மறுபடி ஸ்லைடு. 2022 நவம்பரில் வந்த தேசிய உத்தி, 2030-க்குள் தற்கொலை இறப்பை 10 சதவீதம் குறைக்கும் இலக்கு என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மத்தியானம் ஜோடி ஜோடியாக நடிக்கச் சொன்னார்கள். நான் நர்ஸ். எதிரே இருந்தவர், "எதுவுமே பிடிக்கல சிஸ்டர், தூக்கமே வரல" என்றார். சாப்பாட்டைக் கேட்டேன், வீட்டுக்காரரைக் கேட்டேன், மாத்திரையைக் கேட்டேன். கடைசியில், "தப்பான எண்ணம் ஏதாவது வருதாம்மா?" என்றேன்.

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா அங்கேயே நிறுத்தினார். "தப்புன்னு நீங்களே சொல்லிட்டா, அவங்க எப்படி ஆமான்னு சொல்வாங்க?"

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இவ்வளவுதான் கேள்வி. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் நேராகக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறது. இது புரிய ஐந்து நிமிஷம் போதும். வாயில் வர இரண்டு நாள் ஆனது.

திரும்பி வந்து, டியூட்டி மாறும் நேரத்தில் நடுவே ஒரு மணி நேரம் பிடித்து வகுப்பு எடுத்தேன். பதினான்கு பேர். புது நர்ஸுகளால் எனக்குச் சிரமம் இல்லை. ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்த ஹெட் நர்ஸ் அக்காவிடம்தான் மாட்டிக்கொண்டேன். டிஸ்சார்ஜ் அன்று பெண்களின் கையைப் பிடித்து, "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு புள்ள மேல சத்தியம் பண்ணு" என்பார். அவர்களும் அழுதுகொண்டே சத்தியம் செய்வார்கள். வார்டே கண் கலங்கும்.

"அந்தச் சத்தியத்தால ஆள் பிழைக்கும்னு எந்த ஆய்வும் சொல்லலக்கா. மறுபடி மனசு சரியில்லாமப் போனா, சத்தியத்தை மீறிட்டோமேன்னு நம்மகிட்டயே மறைப்பாங்க" என்றேன். "நான் சத்தியம் வாங்கின யாரும் திரும்பி வந்ததில்ல" என்றார். திரும்பி வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் பற்றிய வகுப்பில் யாருக்கும் அக்கறை இருக்காது என்று நினைத்திருந்தேன். அதில்தான் கேள்விகள் குவிந்தன. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று மிரட்டியே நோயாளியை அடக்கிப் பழகியிருந்தோம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வேறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைப் பொதுவாகவே குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. இதைச் சொன்னதும் ஓர் அட்டெண்டர், "அப்போ இத்தனை நாளும் சும்மாவா பயமுறுத்தினோம்?" என்றார்.

மறுபடி அந்த எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று நோயாளியோடு உட்கார்ந்து எழுதும் பாதுகாப்புத் திட்டப் படிவம் பெரிய கூத்து. ஆறு பகுதி. எங்களுக்கு வந்த தமிழ்ப் படிவத்தில் 'அகச் சமாளிப்பு உத்திகள்' என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டினால் நோயாளி நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். அடித்துவிட்டு, 'மனசு கனக்கும்போது நீங்களா என்ன செஞ்சா கொஞ்சம் லேசாகும்?' என்று பேனாவால் எழுதினோம். "மாட்டைக் குளிப்பாட்டுவேன்" என்றார் ஒருவர். அப்படியே எழுதிக்கொண்டோம். யாரிடம் பேசலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்ற இடத்தில் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ். கடைசிப் பகுதி, வீட்டில் ஆபத்தானதை எட்டாத இடத்துக்கு மாற்றுவது. இதை நோயாளியோடு வந்தவரிடமும் பேசியாக வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவில் பூட்டிவைத்து, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா ஆய்வு நடத்திய கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் சாவியை யார் வைத்துக்கொள்வது என்றே கேட்க ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது 2008-இல் வெளியான ஓர் ஆய்வு. ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர். சென்னையும் அதில் ஓர் ஊர். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு சாராருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2. விலை உயர்ந்த மருந்தோ மிஷினோ இல்லை, "எப்படி இருக்கீங்க?" மட்டும்தான்.

அந்த ஒன்பது அழைப்பும் நாங்கள் தொடங்கிவிட்டோம், ஒரு கோடு போட்ட நோட்டில். நடைமுறை வேறு. கொடுத்த எண் புருஷனுடையதாக இருக்கும், அவரோ வேலைக்குப் போயிருப்பார். சிலர் எண்ணையே மாற்றிவிடுவார்கள். வார்டு போனில் பேச நேரம் கிடைப்பது நைட் டியூட்டியில். நோயாளி வீட்டில் அது தூங்கும் நேரம். ஏழாவது வாரத்துக்கு மேல் நோட்டில் நிறைய இடம் காலி.

ஹெட் நர்ஸ் அக்கா மட்டும் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தன் சொந்த போனிலிருந்து அழைப்பார். அதுவும் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

போன மாத டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்கில் பதினான்கு பேரில் ஐந்து பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருத்தி நேற்று ஒரு பெண்ணிடம், "தப்பா எதுவும் யோசிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறேன்.