பாட்டிலை ஏன் நகர்த்தவில்லை?

சென்னையில் கையெழுத்தில்லாத ஸ்டில் லைஃப், அதாவது பொருள்களை அடுக்கி வைத்து வரைந்த படம், ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏதாவதொரு ஓவியக் கல்லூரி வகுப்பறைதான். ஒரு ஸ்டூல், அதன் மேல் மடிப்பு மடிப்பாக விழும் துணி, பித்தளைச் சொம்பு, நாலு வெங்காயம், சுற்றிலும் ஈஸலோடு பிள்ளைகள். வகுப்புப் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட யாரும் மெனக்கெடுவதில்லை. மார்க் வாங்கியதும் பரணில் கிடக்கும், இல்லையென்றால் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கொண்டுவருகிறவர்களின் கணக்கு வேறு. சொத்துப் பிரிப்புக்காக ஒரு அண்ணனும் தங்கையும் இப்படி ஒரு படத்தைக் காட்டினார்கள். அப்பா கடைசிக் காலத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் இருந்தவர். அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்: "சோழமண்டலம் பக்கத்துலயே இருந்தார் சார், பணிக்கர் வரைஞ்சதா இருக்கலாம் இல்ல?" கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் அந்த ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர் என்பது வரைக்கும் அவர் படித்து வைத்திருந்தார். பணிக்கர் 1977-இல் காலமானார். படத்தில் சொம்புக்கு முன்னால் நிற்பதோ திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கடைகளில் விற்கிறதே, அதேதான். எழுபதுகளில் அப்படி ஒரு பாட்டில் நம்மூரில் ஏது? அத்தோடு பணிக்கர் கதை முடிந்தது, விளக்கு, லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை.

இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும். லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்ததில் அச்சுப் புள்ளிகள் இல்லை. கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, மேலே ஜெல் தடவி, தூரிகைத் தடம் போலக் காட்டுகிற வேலை இப்போது நிறைய நடக்கிறது. அதில் தடம் ஒரு பக்கம் போகும், உருவம் ஒரு பக்கம் போகும். இதில் இரண்டும் சேர்ந்தே போயின, கையால் வரைந்த அக்ரிலிக். பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்த சட்டம், ஃபிரேம் கடைக்காரர் ஒட்டிய சீட்டு. சீட்டில் ஆங்கிலத்தில் சென்னை என்று இருக்கிறது, மெட்ராஸ் இல்லை. எனவே ஃபிரேம் போட்டது பெயர் மாறிய 1996-க்குப் பிறகு என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஃபிரேமின் வயதும் படத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, பழைய படத்துக்குப் புது ஃபிரேம் போடுவது சாதாரணம்.

என்னை நிறுத்தியது அந்த பாட்டில்தான். சொம்பின் பாதியை அது மறைத்துக்கொண்டு நிற்கிறது, சொம்பில் விழும் நல்ல வெளிச்சம் முழுவதும் பாட்டிலுக்குப் பின்னால் போய்விட்டது. தனக்காகப் பொருள்களை அடுக்கி வரைகிறவர் அதை நாலு விரற்கடை நகர்த்தியிருப்பார். வேண்டுமென்றே மறைத்து வைக்கிற ஓவியர்களும் உண்டு, ஆனால் அவர்கள் அந்த மறைப்பை வைத்து ஏதாவது செய்வார்கள், இங்கே எதுவும் நடக்கவில்லை. வகுப்பில் இந்த ஆளுக்கு உட்கார வாய்த்த இடம் அது, நகர்த்தினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சண்டைக்கு வருவார். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது சொம்பின் வாய் விளிம்பில் ஒரே ஒரு கோடு மட்டும் தடிமனாக, தயக்கமே இல்லாமல், வேறு கையால் போட்ட மாதிரி எழுந்து நின்றது. வாத்தியார் திருத்தம். நீள்வட்டம் கோணலாகப் போனால் தூரிகையைப் பிடுங்கிப் போட்டுக் காட்டுவார்கள்.

இதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, அண்ணன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அந்த வாத்தியார் யார் சார்?" அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்களில் பெயர் பெற்ற ஓவியர்கள் பலர், பணிக்கரே அங்கே முதல்வராக இருந்தவர். ஆனால் இது சென்னையா கும்பகோணமா, தனியார் வகுப்பா என்பதற்கே படத்தில் தடயமில்லை. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு பெயர் எழுத முடியாது. "மாணவர் பயிற்சி ஓவியமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஓவியர் தெரியவில்லை" என்றுதான் அறிக்கையில் எழுதினேன்.

பெயர் போனால் விலை எங்கே போய் நிற்கும்? அளவு, நிலைமை, சுவரில் மாட்ட அழகாக இருக்கிறதா, இதே மாதிரி பெயரில்லாத படங்கள் என்ன விலைக்குக் கைமாறியிருக்கின்றன, அவ்வளவுதான். பதினெட்டுக்கு இருபத்துநாலு அங்குலம், கீழ்மூலையில் லேசான பூஞ்சை. எட்டாயிரம் ரூபாய் போட்டேன், அதில் தேக்கு ஃபிரேமின் பங்கும் கணிசம். பாகப்பிரிவினைக்குச் சந்தை மதிப்புதான் வேண்டும். இன்ஷூரன்ஸ் என்றால் இதே போல இன்னொன்றைக் கடையில் வாங்க என்ன ஆகும் என்று பார்ப்போம், அது கூடுதலாக வரும். இத்தனைக்கும் அந்த வெங்காயங்கள் அருமையாக வந்திருந்தன, தோலின் அந்த ஊதா கலந்த செம்மையைப் பிடிப்பது லேசில்லை. அதற்காகத் தனியாக நூறு ரூபாய் சேர்க்க வழியில்லை.

கிளம்பும்போது அண்ணன் பாதி சிரிப்போடு கேட்டார், "ஒரு கையெழுத்து இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், இப்போ போட்டா தெரியுமா சார்?" பிந்திப் போட்ட வண்ணம் புற ஊதா விளக்கில் பெரும்பாலும் தனியாகத் தெரியும், லூப்பில் பார்த்தால் படிந்த தூசிக்கு மேலே உட்கார்ந்திருக்கும், அதற்குப் பெயர் மோசடி என்றேன். சும்மா கேட்டதாகச் சொன்னார். தங்கைதான் படத்தைத் தன் பங்கில் எட்டாயிரமாகக் கழித்துக்கொள்ளச் சொல்லி எடுத்துக்கொண்டார், பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்கலாமா என்று விசாரித்தார். துடைக்காதீங்க, பழுதான ஓவியங்களைச் சரிசெய்கிற ஒரு கன்சர்வேட்டரிடம் காட்டுங்க என்று சொல்லி அனுப்பினேன். கன்சர்வேட்டர்கள் வாங்குகிற காசு படத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.